ஆள் மாறி வந்தவள்

டமிரா அன்று காலையிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. ஆடு அறுத்தாகிவிட்டது, கொப்பரையில் கறி கொதித்துக்கொண்டிருக்கிறது, பொர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்து மேசை விரிப்பு முழுக்கக் கொட்டிப் பரப்பியாகிவிட்டது. சமையலைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஊருக்கே விருந்து வைத்துவிடுகிற கை அது. அவள் பயந்தது பேச்சுக்கு. வருகிறவர்கள் வாயைத் திறந்து என்ன பேசப்போகிறார்கள் என்பதுதான்.

கணவன் துருஸ்பெக்குக்கு அறுபது நிறைகிறது. அதற்காக மகள் பெரிசாத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வருகிறாள். இரண்டு குளிர்காலமாக இந்த வாசலை மிதிக்காதவள். அங்கே ஒரு பெண்கள் அமைப்பில் வேலை. பெண்ணை வழியில் மடக்கிக் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்து, தலையில் துணியைக் கட்டி மருமகளாக்கிக்கொள்வதை ஆள் கடத்தல் என்றே எழுதி, சமரசத்துக்கு இடமில்லாமல் தண்டிக்க வேண்டும் என்று ஒரு சட்டத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவள். துருஸ்பெக்கின் அண்ணன் ஒரோஸ்பாய் ஊர் மன்ற உறுப்பினர். அந்தச் சட்டம் வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறவர். கடைசியாக இந்த மேசையில் எல்லாரும் உட்கார்ந்தபோது துருஸ்பெக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நம்ம வீட்டையே பாரேன், நல்லாத்தானே இருக்கோம்" என்று மகளிடம் சொல்லிவைத்தார். அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள்தான்.

ஆகவே டமிரா ஒரு வாரமாகத் தூது போனாள். கணவனிடம் நேராகவே சொன்னாள்.

"சட்டம்னு ஒரு வார்த்தை உங்க வாயிலேருந்து வந்துச்சு, அறுபதாவது பிறந்தநாளை மாட்டுக் கொட்டாய்லதான் கொண்டாடணும்."

"நான் எதுக்குப் பேசப்போறேன்? நான் பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு இருப்பேன்."

ஒரோஸ்பாயிடம் நேரே சொல்ல முடியாது. கணவனின் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மருமகள் அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை. டமிரா அவரை 'மூத்தவரே' என்றுதான் அழைப்பாள், அதுவும் பாதிக் குரலில். அதனால் ஓரகத்தி சோனுனைப் பிடித்தாள். சோனுன் பெருமூச்சு விட்டாள். "சொல்றேன். ஆனா அவர் வாய்க்குப் பூட்டு நான் எங்கே போய்த் தேடறது?"

பெரிசாத்திடம் தொலைபேசியில் பேசினாள்.

"நானா ஆரம்பிக்க மாட்டேம்மா. அவங்க ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுவேன். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்ல. ஆனா அப்படிப் போனா, அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாதே. உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

அவள் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. அதுதான் டமிராவுக்குப் பயமாக இருந்தது. கோபமாகச் சொன்னால் ஆறிவிடும்.

பேச்சு திசை மாறாமலிருக்க அவள் சில விஷயங்களைத் தயாராக வைத்திருந்தாள். உருளைக்கிழங்கு விலை, வைக்கோல், கணவாய்ச் சாலை, சோனுனின் முழங்கால் வலி. இவற்றில் யாரும் சண்டைக்கு வர முடியாது என்று நம்பினாள். பாவம்.

பெரிசாத் நடுப்பகலில் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். முடியைக் கத்தரித்திருந்தாள். அப்பாவை ஒரு கையால் அணைத்தாள். துருஸ்பெக் இரண்டு கையையும் நீட்டிவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் பையைப் பிடுங்கிக்கொண்டார். ஒரோஸ்பாயும் சோனுனும் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். மூத்தவர் கதவுக்கு எதிரே, மரியாதைக்குரியவருக்கான மேலிடத்தில் உட்கார்ந்தார். டமிரா கதவருகே, தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில், வீட்டுக்காரியின் இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று பேச்சுக்குத்தான் சொல்வது. ஒரு கால் மடங்கியிருந்தது, இன்னொன்று எழுந்திருக்கத் தயாராக இருந்தது.

"இந்த வருஷம் உருளைக்கிழங்கு எப்படி?" என்று அவளே தொடங்கிவைத்தாள்.

"விளைச்சல் நல்லாத்தான் இருக்கு. தோண்ட ஆள் எங்கே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பசங்க எல்லாம் மாஸ்கோவுல."

"பசங்க மட்டுமா? பொண்ணுங்களும்தான் போயிடறாங்க. அப்புறம் இங்கே இருக்கிறவன் கல்யாணத்துக்குப் பொண்ணை எங்கே தேடுவான்?" என்றார் ஒரோஸ்பாய்.

டமிரா குறுக்கே பாய்ந்தாள். "வைக்கோல்! வைக்கோல் எல்லாம் இறக்கியாச்சா?"

வைக்கோல் நன்றாகத்தான் போனது, கொஞ்ச நேரம். பிறகு வைக்கோல் ஏற்றிய லாரி கணவாயில் கவிழ்ந்த கதை வந்தது. கவிழ்ந்த லாரியிலிருந்து சாலைக்கு, சாலையிலிருந்து சாலை போடாத அரசாங்கத்துக்கு, அரசாங்கத்திலிருந்து, "சாலை போட நேரமில்ல, ஆனா சட்டம் போட மட்டும்..." என்று பக்கத்து வீட்டுக்காரர் இழுக்கத் தொடங்கினார். டமிரா கறித் தட்டை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "எடுத்துக்குங்க, ஆறிடும்." கறி அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. அவருக்குக் கை சுட்டது.

பெரிசாத் தலை குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் டமிராவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒருவேளை கரையேறிவிடலாம் போலிருக்கிறது.

அதன் பிறகு வாழ்த்துச் சுற்று வந்தது. அதைத் தடுக்க யாராலும் முடியாது. மேசையிலிருக்கும் ஒவ்வொருவரும் முறை வரும்போது எழுந்து பேச வேண்டும். பேசுகிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. என்ன பேசினாலும் ஒரு நல்வாக்கில் முடிக்க வேண்டும். முடித்ததும் எல்லாரும் கையேந்தி முகத்தில் தடவி, அப்படியே ஆகட்டும் என்று 'ஓமின்' சொல்ல வேண்டும். முதல் முறை மூத்தவருக்கு.

ஒரோஸ்பாய் எழுந்தார். தம்பியின் உழைப்பைச் சொன்னார், லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியதைச் சொன்னார். சோனுன் அவர் கால்சட்டையை மேசைக்கடியில் இழுப்பது டமிராவுக்குத் தெரிந்தது. அவர் அசைந்து கொடுக்கவில்லை.

"இந்தக் குடும்பம் எப்படி ஆரம்பிச்சுது தெரியுமில்ல?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார். எந்த விருந்திலும் தவறாமல் வருகிற கதை அது. "இவனுக்காகக் கால்நடை டாக்டர் மக சைகலைத் தூக்கத்தான் போனோம். மூணு நாளா நோட்டம் பார்த்திருந்தோம். சிவப்புக் கோட்டு. இருட்டிட்டு வருது. சிவப்புக் கோட்டு வந்துச்சு, தூக்கிப் போட்டோம், கொண்டாந்து வெளிச்சத்துல பார்த்தா வேற பொண்ணு! நம்ம டமிரா! சிநேகிதி சைகல்கிட்ட கோட்டை இரவல் வாங்கிப் போட்டுட்டு வந்திருக்கா! கடைக்காரன் எடையைத் தப்பாப் போட்டும் நமக்கே லாபமான மாதிரி ஆச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். டமிராவும் சிரித்தாள். முகம் அதுவாகவே சிரித்துக்கொண்டது. அதற்கு அத்தனை வருஷப் பழக்கம்.

"இப்ப சில பேர் சொல்றாங்க, இதெல்லாம் குத்தமாம். ஜெயிலாம். அப்படின்னா இந்த மேசையில பாதிப் பேர் ஜெயில்ல இருக்கணும். மீதிப் பேர் பொறந்தே இருக்கக் கூடாது. டமிராவைப் பாருங்க. அழுதாளா? ரெண்டு நாள் அழுதிருப்பா. இன்னைக்குப் பாருங்க, ராணி மாதிரி சமோவார் பக்கத்துல உட்காந்திருக்கா." அவர் பெரிசாத்தின் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "எங்க பொண்ணுக்கும் வயசாகுது. நல்லவன் ஒருத்தன் சீக்கிரம் வந்து இவளையும் தூக்கிட்டுப் போகட்டும்!"

கைகள் உயர்ந்தன. "ஓமின்" என்றார்கள். வாழ்த்து முடிந்தால் கை தானாக உயர்ந்துவிடும். என்ன வாழ்த்து என்று யார் யோசிக்கிறார்கள்? துருஸ்பெக்கின் கையும் உயர்ந்து, பாதி வழியில் நின்று, எங்கே போவது என்று தெரியாமல் காதைச் சொறிந்தது. பெரிசாத்தின் கைகள் மட்டும் மடியில் இருந்தன. அவள் முகம் வெளுத்திருந்தது.

மூத்தவரின் தேநீர்க் கிண்ணம் கை மாறி டமிராவிடம் வந்தது. அவள் கண் மகள் மேல் இருந்தது. சமோவாரின் குழாயைத் திருப்பினாள். மகள் எழுந்திருக்கப் போகிறாளா, எழுந்தால் என்ன சொல்லித் தடுப்பது, பையைத் துருஸ்பெக் எங்கே வைத்தார் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. கிண்ணம் திரும்பக் கை மாறி மூத்தவரிடம் போய்ச் சேர்ந்தபோதுதான் எல்லார் கண்ணும் அதன் மேலேயே இருப்பதை அவள் கவனித்தாள்.

கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

பாதிக்கும் குறைவாக ஊற்றினால்தான் இன்னும் இரு, இன்னொரு கிண்ணம் குடி, பேசு என்று பொருள். விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். பேசத் தெரியாத குழந்தைக்குக்கூட இது அந்த ஊரில் தெரியும். மூத்தவருக்கு, மேலிடத்தில் உட்கார்ந்தவருக்கு, தம்பி மனைவி தன் கையால் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

ஒரோஸ்பாய் கிண்ணத்தையே பார்த்தார், அதைப் பிடித்தபடி எழுந்தார். "என் தம்பி வீட்டிலிருந்து என்னைப் போகச் சொல்றியா, டமிரா?"

கவனமில்லாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த வார்த்தை அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அதற்குள் பெரிசாத் எழுந்துவிட்டாள்.

"ஆமா, அப்படித்தான் சொல்றாங்க! இத்தனை வருஷம் கழிச்சாவது சொன்னாங்களே!" அவள் ஒரோஸ்பாய் பக்கம் திரும்பினாள். "ராணியாம்! மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைச்சிருந்த பொண்ணு பெரியப்பா, எங்கம்மா. அவங்க வாழ்க்கையையே நாசம் பண்ணிட்டு, அதைச் சொல்லிச் சிரிக்கவும் சிரிக்கிறீங்க. நாசம்!"

நாசம் என்ற சொல் டமிராவைச் சுட்டது. போன வசந்தத்தில் கடைக்காரி தன் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினாள். பிஷ்கெக்கில் ஏதோ மேடை. பெரிசாத் ஒலிவாங்கி முன்னால் நின்று, "என் அம்மா, அவர் பெயர் டமிரா" என்று ஆரம்பித்து இதே சொல்லைச் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. கடைக்காரியும் சர்க்கரை வாங்க வந்தவர்களும் டமிராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாவை வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள் அன்று. யாரிடமும் சொல்லவில்லை.

"பெரிசாத், உட்காரு," என்றாள் டமிரா. "மூத்தவரே, நீங்களும். இப்ப என் முறை."

அவள் முறை இல்லை அது. கதவருகே உட்கார்ந்தவளுக்குக் கடைசியில்தான் முறை வரும், அதற்குள் பெரும்பாலும் எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள். ஆனால் அவள் எழுந்து நின்றுவிட்டாள். வாழ்த்துச் சொல்ல எழுந்தவரை உட்காரச் சொல்ல அந்த மேசையில் யாருக்கும் வாய் வரவில்லை. ஒரோஸ்பாய் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பெரிசாத்தும் உட்கார்ந்தாள்.

"அந்தக் கதையில ஒண்ணு விட்டுப்போகுது," என்றாள். அவள் கை மேசை விரிப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தது. "என்னை உள் அறையில திரைக்குப் பின்னால உட்கார வச்சாங்க. ரெண்டு பொம்பளைங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இந்த வீட்டுக் கிழவி வாசப்படியில குறுக்கே படுத்துக்கிச்சு, தாண்டினா சாபம்னு. அப்ப வெளி அறையிலேருந்து பேச்சு கேக்குது. 'இது அவ இல்லையே, இது வேற பொண்ணு.' இன்னொரு குரல் கேக்குது, 'கொண்டு போய் விட்டுடலாமா?' நான் மூச்சே விடல. கையைப் பிடிச்சிருந்தவங்களும் விடல. ஆள் மாறிப் போச்சுன்னு தெரிஞ்சா விட்டுடுவாங்கன்னு நம்பினேன். கடையில தப்பான பொருளைக் கொடுத்தா திருப்பி வாங்கிக்கிறதில்லையா? அப்ப மூத்தவர் சொன்னார், 'பெட்ரோல் போட்டு வந்தாச்சு, ஆடு அறுத்தாச்சு. பொண்ணு பொண்ணுதானே'ன்னு."

சோனுன் கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரோஸ்பாய் வாயைத் திறந்தார். இடைமறிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

"அந்த அறையில இன்னொரு குரலும் இருந்திருக்கணும்," என்று டமிரா கணவனைப் பார்க்காமலே சொன்னாள். "அது என்ன சொல்லப்போகுதுன்னு காதைத் தீட்டிக்கிட்டு உட்காந்திருந்தேன். அது ஒண்ணும் சொல்லல."

துருஸ்பெக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிசாத், நீயும் கேளு. மேடையில நின்னு என் வாழ்க்கை நாசம்னு சொன்னே. பார்த்தேன். கடைக்காரி காட்டினா. நாசமான வாழ்க்கையில நீ எங்கேருந்துடி வந்தே? இவரோட லாரியில பனியில மாட்டிக்கிட்டு ராத்திரி முழுக்கக் குளிருக்குப் பாட்டுப் பாடினோம். அது பொய்யில்ல. நீ பொறந்தப்ப இவர் ஊர் முழுக்க ஓடிப்போய்ச் சொன்னார். அதுவும் பொய்யில்ல. அதனால அன்னைக்கு நடந்தது சரியாயிடாது. அன்னைக்கு நடந்ததால இதெல்லாம் இல்லாமலும் போயிடாது. ரெண்டும் எனக்குத்தான் நடந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியப் பிச்சுக்கிட்டுப் போறீங்க. மூத்தவர் விருந்துல சொல்றார், நீ மேடையில சொல்றே. எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பேருமே என்னைக் கேட்டதில்ல."



டமிராவுக்கு உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வாழ்த்து முடியவில்லை. நல்வாக்கு இல்லாமல் உட்கார்ந்தால் அது வெறும் சண்டை. என்ன சொல்வது என்று அவள் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. எதிரே சோனுனின் ஈரமான கண்களைப் பார்த்ததும் வார்த்தை வந்தது.

"மூத்தவரே, உங்க பேத்தி ஐபிகே பிஷ்கெக்ல படிக்கிறா. சாயங்காலம் வகுப்பு முடிஞ்சு விடுதிக்குத் தனியாத்தான் நடந்து போவா. அவ நடக்கிற வழியில ஒரு காரும் வந்து நிக்காம இருக்கட்டும். அவளை இன்னொருத்தின்னு நினைச்சோ, அவதான்னு தெரிஞ்சோ, எவனும் கையைப் பிடிக்காம இருக்கட்டும். அவ எங்கே போகணும்னு கிளம்பினாளோ, அங்கேயே போய்ச் சேரட்டும்."

சோனுனின் கைகள்தான் முதலில் உயர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள், துருஸ்பெக், பெரிசாத் என்று ஒவ்வொருவராகக் கையேந்தினார்கள். எல்லாரும் மேலிடத்தைப் பார்த்தார்கள். தன் பேத்திக்குச் சொன்ன வாழ்த்து அது. எந்த மனுஷன் அதற்குக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? ஒரோஸ்பாய் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார், முகத்தில் தடவினார். வழக்கத்தைவிட அதிக நேரம் கைகள் முகத்திலேயே இருந்தன.

"ஓமின்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேத்திக்கு ஓமின். சட்டத்துக்கு இல்ல."

டமிராவுக்குத் திக்கென்றது. பெரிசாத் எழவில்லை. தட்டிலிருந்த எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்தது யாரும் எதிர்பார்க்காத ஒன்று.

"ஏன் பெரியப்பா?"

ஒரோஸ்பாய்க்கே அது புதுசாக இருந்தது. கையெழுத்து வாங்கப் போன வீடுகளில்கூட அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "ஏன்னா... ஐபிகேயோட அம்மாவை என் பையன் அப்படித்தானே கொண்டாந்தான். நான்தான் கார் கொடுத்தேன். சட்டம் வந்தா அவனை என்னன்னு கூப்பிடுவாங்க? குத்தவாளின்னா? ஐபிகே அவளோட அப்பனைப் பார்த்து என்ன நினைப்பா?"

"பழசுக்கெல்லாம் வழக்குப் போட மாட்டாங்க பெரியப்பா. இனிமே நடக்கிறதுக்குத்தான்."

"வழக்கை யார் கேட்டா? பேரைத்தான் கேக்கறேன்."

"தெரியல," என்றாள் பெரிசாத். "அதை நான் யோசிச்சதில்ல."

அவர் தலையசைத்தார். கிண்ணத்தை எடுத்து, விளிம்பு தளும்பாமல் பார்த்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "காத்து வாங்கிட்டு வரேன்," என்று எழுந்து முற்றத்துக்குப் போனார். போகிறாரா, திரும்பி வருவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாக உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

டமிரா சமையலறைக்குப் போய்க் கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள். பின்னால் பெரிசாத் வந்து நின்றாள். கையில் பை இருந்தது.

"நான் கிளம்பறேம்மா. சாயங்கால வண்டியைப் பிடிச்சிடலாம்."

"அவங்க யாரும் உன்னை ஒண்ணும் சொல்லலியேடி! பெரியப்பாகூட..."

"அவங்க இல்ல. நீ சொன்னது." பெரிசாத்தின் கண்கள் நிறைந்திருந்தன. "உன்னை வச்சுத்தான் நான் பேசிட்டு இருந்தேன். எத்தனை ஊர்ல. நீ கடையில நின்னு பார்த்திருக்கே. எனக்குத் தெரியாது. இங்கே உட்காந்து கறி சாப்பிட முடியலம்மா என்னால. அந்த வீடியோவையெல்லாம் எடுக்கச் சொல்லிடறேன். இனிமே அந்தக் கதையைப் பேச மாட்டேன்."

டமிரா அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கை பிடிக்குள் நிற்கவில்லை. நாள் முழுக்க எல்லார் வாயையும் காவல் காத்தாள். கடைசியில் மகளை வெளியே அனுப்பியது அவள் வாய்தான். பேசாமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்தாள். இல்லை, அதுவும் முடியாது. ஒரு முறை வெளியே வந்த பேச்சை எந்த விரிப்பால் மூடுவது? அவள் ஈரக் கையோடு மகளின் பின்னாலேயே ஓடினாள்.

முற்றத்தில் ஒரோஸ்பாய் தன் காரில் சாய்ந்து நின்றிருந்தார். வாயிற்கதவை மறித்துக்கொண்டு துருஸ்பெக் நின்றார். உள்ளேயிருந்து எப்போது எழுந்து வந்தாரோ தெரியவில்லை. தலையில் தொப்பி இல்லை. பிறந்தநாளுக்காக எல்லாரும் சேர்ந்து போர்த்திவிட்ட புது அங்கி ஒரு தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"வழி விடுங்கப்பா."

"விடறேன். ஒண்ணு சொல்லிட்டு விடறேன்." அவர் மகளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார், திரும்பவும் மகளைப் பார்த்தார். பேசிப் பழகாத மனுஷன். லாரியோடுதான் அதிகம் பேசியிருக்கிறார். "மேடையில பேசறதை நிறுத்தாதே. ஆனா உங்கம்மா பேரைச் சொல்லாதே. அவ பாவம், என்ன செஞ்சா? ஒண்ணும் செய்யல. கோட்டைப் போட்டுக்கிட்டு வந்தா."

"அப்ப என்ன சொல்றது?"

"என் பேரைச் சொல்லு. அந்த அறையில உட்காந்திருந்தேன், விட்டுடுங்கன்னு சொல்ல வாய் இருந்துச்சு, சொல்லலன்னு சொல்லு. ஊர் பேரையும் சொல்லு. துருஸ்பெக்னு நிறைய பேர் இருக்காங்க; முழுப் பேராச் சொல்லு. மம்பெத் மகன் துருஸ்பெக்."

காரிலிருந்து ஒரோஸ்பாய் நிமிர்ந்தார். "டேய், அது என் அப்பா பேரும்தான்டா!"

"ஆமாண்ணே," என்றார் துருஸ்பெக், அண்ணனிடம் குரல் உயர்த்தாமல். "நீங்களும் அங்கேதானே இருந்தீங்க."

கார்ச் சாவி ஒரோஸ்பாயின் விரலில் சுற்றிச் சுற்றி நின்றது. பெரிசாத் பையைக் கீழே வைக்கவும் இல்லை, வாயிலைத் தாண்டவும் இல்லை. அப்பாவின் தோளிலிருந்து நழுவிய அங்கியை ஒரு கையால் பிடித்து மேலே இழுத்துவிட்டாள்.

டமிராவுக்கு அழுகை வந்தது, கோபமும் சேர்ந்தே வந்தது. முப்பது வருஷமாகப் பக்கத்திலேயே படுத்திருந்தவர் இதை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தார்?

"எல்லாரும் உள்ளே வாங்க," என்றாள். "நான் இன்னும் பேசி முடிக்கல."